மாதா பாட்டிலில் வந்த மலைத்தண்ணீர்

எங்கள் மாவு மில் பெரிய வெள்ளியன்றும் கிறிஸ்துமஸ் அன்றும்தான் மூடியிருக்கும். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மில்லுக்கு ஒன்பது நாள் பூட்டுப் போட்டுவிட்டு நான் மஸ்கட் போனதற்கு ஒரே காரணம், பேரனுக்கு ஞானஸ்நானம் எங்கள் பங்குக் கோவிலில்தான் நடக்க வேண்டும் என்று என் மனைவி ரெஜினா பிடித்த பிடிவாதம்.

பேரன் இம்மானுவேலுக்கு நாலு மாதம். மகள் ஜெசி கைக்குழந்தையோடு தனியாக விமானம் ஏறப் பயந்தாள். மாப்பிள்ளை டேனியலுக்கு லீவு கிடைக்கவில்லை. ரெஜினா போய் அழைத்து வரலாம் என்றால், அவள் பஸ் மேம்பாலத்தில் ஏறினாலே கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுக்கிறவள். கடைசியில், "நீயே போய் இட்டுகினு வா" என்று தீர்ப்பு வந்தது. நான் பத்தாவது வரை படித்தவன். பாஸா என்று கேட்காதவர்களுக்கு நன்றி.

ரெஜினா கட்டிக் கொடுத்த சாமான்களில் ஒரு பாட்டில் இருந்தது. வேளாங்கண்ணிக்குப் போய் வந்த வீடுகளில் எல்லாம் அதைப் பார்க்கலாம். மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில். தலையிலுள்ள நீலக் கிரீடத்தைத் திருகினால் அதுதான் மூடி. அதில் எங்கள் கோவில் தீர்த்தத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

"மக ஊடு பூரா தெளி. பாத்ரூமை உட்டுடாதே" என்றாள்.

போய்ச் சேர்ந்த புதன்கிழமையே தெளித்தேன். ஒரு சொட்டு வைஃபை டப்பா மேல் விழுந்து, இரண்டு மணி நேரம் வீட்டில் இன்டர்நெட் இல்லை. ஜெசி பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

மஸ்கட்டைப் பற்றி என்னைக் கேட்டால், அங்கே ஹாரன் கிடையாது என்பேன். அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் ஒரு சிக்னலில் கேட்கிற சத்தம் அங்கே ஒன்பது நாளும் சேர்த்துக் கேட்கவில்லை. முதல் ராத்திரி சத்தமே இல்லாததால் தூக்கம் பிடிக்கவில்லை. ஊரைச் சுற்றி மலை. எல்லாம் கறுத்துப்போன மலை. மரம், செடி, புல் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் வேலிக்காத்தான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் முளைக்கிறது. இந்த மலைமேல் அதுவே இரண்டு தடவை யோசிக்கும்.

வியாழக்கிழமை டீ குடிக்க இறங்கினேன். கடைக்காரர் மலையாளி. "சேட்டா, ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அவர், "சார் ஆவடியா, அம்பத்தூரா?" என்று தமிழில் கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு சங்கடம். அந்த ஊரில் வெள்ளிதான் விடுமுறை. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வெள்ளிக்கிழமையே வைக்கிறார்கள். தமிழில் பூசை, நிரம்பி வழியும் கூட்டம், நம் ஊர்ப் பாட்டுகள். மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தால் இலையில் மட்டன் குழம்பு. வெள்ளிக்கிழமை நான் கறி தொட்டு முப்பது வருடம் ஆகிறது.

"மாமா, ஞாயித்துக்கெழம பூசை பாத்துட்டோம். அப்ப இன்னைக்கு ஞாயிறுதானே" என்றார் மாப்பிள்ளை.

அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. இரண்டாவது தடவை குழம்பு கேட்டபோது நியாயம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

இனி விஷயத்துக்கு, அதாவது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை டேனியலுக்குச் சொந்த ஊர் வெள்ளானூர். மஸ்கட்டில் பாறைகளை ஆராய்ச்சி செய்யும் ஒரு குழுவுக்கு ஜீப் ஓட்டுகிறார். அன்று மலைக்குள் இருக்கும் அவர்கள் கூடாரத்துக்கு ஏதோ கருவி கொண்டுபோய்ப் போட வேண்டும். "சும்மா வாங்க மாமா, ஒரு ரவுண்டு போய் வந்துடலாம்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். ஜெசியும் குழந்தையும் வீட்டில். நான் அலமாரி மேலிருந்த மாதா பாட்டிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தீர்த்தம் தீர்ந்து காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் வழிக்குத் துணை.

தார் ரோடு முடிந்து, காய்ந்த ஆற்றுப் படுகைக்குள் வண்டி இறங்கியது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை. மில் வைத்திருப்பவனுக்குக் கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நானே உளி பிடித்து மில் கல்லைக் கொத்துகிறவன். வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். பச்சையும் கறுப்புமாய், மேலே பாம்புத் தோலில் இருப்பது போலவே செதில் செதிலாகக் கோடு. தடவினால் சோப்பு மாதிரி வழுக்குகிறது. மில் சாவியால் கீறினேன், கோடு விழுந்தது.

"மாவு அரைக்க ஆவாது" என்றேன்.

"அதைச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா மாமா?" என்று சிரித்தார். பிறகு விளக்க ஆரம்பித்தார். "பின்சீட்டுல எங்க ஆராய்ச்சி மேடம் பேசறத நாலு வருஷமா கேட்டுகினேதான் ஓட்றேன். பாதி எனக்கும் ஏறிடுச்சி. இந்த மலை பூரா கடலுக்கு அடியில, அந்தத் தரைக்கும் கீழ, பூமிக்குள்ள கெடந்ததாம். எதுவோ தள்ளி மேல வந்துடுச்சி. அந்தக் கல்லுக்குத் தண்ணின்னா உசிரு. தண்ணி பட்டா குடிச்சிகினே இருக்கும். குடிச்சி ஊதும். ஊதனா வெடிக்கும். வெடிச்ச சந்துல இன்னும் தண்ணி எறங்கும். அப்டி ஊதிப்போன கல்லுதான் உங்க கையில கீற இந்தப் பாம்புத்தோல் கல்லு."

"ஊறவெச்ச உளுந்து மாதிரியா?"

"கரெக்ட் மாமா. நாலு வருஷத்துல மேடம் இவ்ளோ ஈஸியா சொன்னதில்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் கல்லின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பட்டு நூல் போல் தெரிந்ததை நகத்தால் பிய்க்கப் போனேன். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத் தொடாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் அது. தூளு மூச்சுல போச்சின்னா நுரையீரல் காலி."

"என் மில்லுக் கூரையே அதானேயா."

"உடைக்காம, அறுக்காம அப்படியே வெச்சிக்கங்க. மாத்தறப்ப ஆளைக் கேட்டு மாத்துங்க."

பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறி, பாலைவனத்துக்கு வந்து என் மில்லுக் கூரையைப் பார்த்திருக்கிறேன். கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அரை மணி நேரத்தில் வண்டி கூழாங்கல்லில் புதைந்தது. மாப்பிள்ளை ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றிச் சுற்றிக் கீழே போனது. நான் இறங்கித் தள்ளினேன். என் ஐம்பத்தெட்டு வயதுத் தள்ளலுக்கு ஜீப் மரியாதைக்குக்கூட அசையவில்லை. அப்போது ஆடுகளோடு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை அங்கி, தலைப்பாகை, கையில் ஒரு கோல், இன்னொரு கையில் செல்போன். யாருக்கோ போன் போட்டார். அவருடைய பிள்ளை வேறொரு வண்டியில் வந்து கயிறு கட்டி எங்களை இழுத்து வெளியே போட்டான். நன்றி சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் பாயை விரித்துவிட்டார்.

அவர்கள் காபி நம் காபி இல்லை. ஏலக்காய் போட்ட கறுப்புத் தண்ணீர், பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய் ஊற்றுவார்கள். கூடவே பேரீச்சம்பழம். கிண்ணம் காலியானதும் திரும்ப ஊற்றினார். மரியாதைக்குக் குடித்தேன். மறுபடி ஊற்றினார். மறுபடி குடித்தேன். எட்டாவது கிண்ணத்தில் என் நெஞ்சு மில் மோட்டார் மாதிரி அடித்தது.

"போதும்னா கிண்ணத்தை ஆட்டிக் காட்டணும் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"எட்டாவதுலதான் சொல்லுவியா?"

"உங்களுக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

பெரியவரும் எதையோ சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்: "இப்படி ஒரு விருந்தாளி வந்தால் வீட்டில் காபிக்கொட்டை மிஞ்சாது என்கிறார்."

பாயிலிருந்து இருபதடி தள்ளி இரண்டு குட்டை. கீழே இருந்தது சாதாரணத் தண்ணீர். காலை விட்டதும் விரல் நீளத்தில் மீன்கள் வந்து பாதத்தைக் கொறித்தன. கூச்சத்தில் நான் சின்னப்பிள்ளை போல் சிரித்துக்கொண்டிருந்தேன். மேலே, பாறை இடுக்கிலிருந்து ஊறி நிற்கும் இன்னொரு குட்டை. அதன் நீலத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் கோவில் மாதாவின் முக்காட்டு நீலம். ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்தாற்போல் படிந்திருந்தது. மேலே கண்ணாடி போல் ஒரு ஏடு.

நான் மீனுக்குச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை முக்கியமான பாடத்தைச் சொல்லியிருக்கிறார். என் காதில் பாதிதான் விழுந்தது. பாம்புத்தோல் கல்லாக மாறும்போது பாறைக்குள்ளிருந்து ஒரு கேஸ் வருகிறது, அதைத் தின்றுகொண்டு கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெயிலே பார்க்காமல் உள்ளே வாழ்கின்றன என்றார். இந்த மண்ணில் செடிக்கு ஆகாத உலோகம் அதிகம், வேண்டிய சத்து குறைவு, அதனால்தான் மலை மொட்டை என்றார். நீலத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி காரம், குடிக்கக் கூடாது என்றார். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வெள்ளை ஏடாகி, கடைசியில் கல்லாகிவிடும், ஊர் உலகத்துப் புகையை எல்லாம் அப்படிக் கல்லாக்க முடியுமா என்றுதான் அந்த மேடம் பார்க்கிறார் என்றார்.

எனக்கோ அந்த நீலத்தைப் பார்த்ததும் முழங்கால் தானாக மடங்கியது. பொட்டல் மலை. புல் முளைக்காத பாறை. அதற்குள்ளிருந்து தண்ணீர். ஜெபமாலையில் பத்து மணி உருட்டிச் சொன்னேன். ஆமென் என்று முடிக்கவும் குட்டையின் அடியிலிருந்து குமிழ் குமிழாக மேலே வந்தது. கேஸ் என்று மாப்பிள்ளை சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், நினைவுக்கு வர நான் விடவில்லை.

மாப்பிள்ளையும் பெரியவரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பைக்குள்ளிருந்து மாதா பாட்டிலை எடுத்து, ஏட்டை விலக்கி, தண்ணீர் பிடித்து, கிரீடத்தை இறுக்கித் திருகினேன். குடிக்கத்தானே கூடாது என்றார், தெளிக்கக் கூடாது என்றா சொன்னார்? நிமிர்ந்தால் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார். வண்டியில் ஏறியதும் மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"அந்தத் தண்ணீரை என் ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் என்றார். ஏன் மாமா, நீங்க அங்க இன்னா பண்ணீங்க?"

"சும்மா, ஜெபம் சொன்னேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

கருவியைக் கூடாரத்தில் போட்டுவிட்டு வீடு திரும்பியதும், சாயங்காலம் ஊருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். எங்கள் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்லும். அதற்கு அன்பியம் என்று பெயர். அன்பியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நாலு நிமிட மெசேஜ். பாலைவனத்தை வர்ணித்தேன். மலையை வர்ணித்தேன். "நான் ஜெபமாலை சொல்லி முடிச்சதும் பாறையிலேர்ந்து தண்ணி வந்துச்சிங்க" என்றேன். தண்ணீர் அதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் முன்னாலிருந்தே அங்கே வந்துகொண்டிருக்கிறது. வந்தது குமிழ் மட்டும்தான். ஆனால் பேசுகிற வேகத்தில் குமிழ் என்ற வார்த்தை வாய்க்கு வரவில்லை.

பதில் கொட்டியது. கைகூப்பிய படங்கள், ரோஜாப்பூ, மாதா படம். அன்பியத் தலைவி லூர்துமேரி அக்கா மட்டும் மூன்று வாய்ஸ் போட்டார். மூன்றாவதில் அழுதார். வாழ்நாளில் முதல் தடவையாக என்னை யாரோ பெரிய ஆள் மாதிரி பார்க்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை காலை ஜெசியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். குழந்தை விமானம் முழுக்கத் தூங்கினான். நான் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்கினேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, குழந்தையின் துணிகளுக்குள் சுற்றி வைத்திருந்த பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது மாதா என் நெஞ்சோடு இருந்தார். தெருவே திரண்டு நின்றது. எனக்கா, பேரனுக்கா, பாட்டிலுக்கா என்று தெரியவில்லை.

ரெஜினா ஆரத்தித் தட்டோடு நின்றாள். தட்டில் எங்கள் மில்லில் அரைத்த மஞ்சள் தூள் போட்டு வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும், அதுதான் ஆரத்தி. ஆனால் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் காய்ந்து கல்லாக இருந்தது.

"கடையில போய் வாங்கியாறேன்" என்றாள்.

"கொழந்த வெயில்ல நிக்குது ரெஜினா. மாதா தண்ணிதான் வந்துகீதே, அதை ரெண்டு மொடக்கு ஊத்தி சுத்தேன். சுண்ணாம்பு இல்லன்னா போவுது" என்றார் லூர்துமேரி அக்கா.

ரெஜினா என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். கிரீடத்தைத் திருகி, மஞ்சள் மேல் ஊற்றினாள்.

தட்டு ரத்தச் சிவப்பாக மாறியது.

சுண்ணாம்பு போடவில்லை என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். லூர்துமேரி அக்கா நடுத்தெருவில் முழங்காலிட்டார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ நின்றது. அதில் இருந்தவர்களில் இரண்டு பேர் இறங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். ஜெசிக்கு ஒன்றும் புரியவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

எனக்குப் புரிந்தது. வாரா வாரம் நான் சலவைச் சோடா போட்டு மில் தரையைக் கழுவுகிறேன். மஞ்சள் அரைத்த அன்று கழுவினால் தரை இப்படித்தான் சிவக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி காரம் என்று மாப்பிள்ளை சொன்னது இப்போது முழுசாகக் காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழம கொழந்த தலையில இந்தத் தண்ணிதான் ஊத்தணும். ஃபாதர் கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் லூர்துமேரி அக்கா.

நான் வாயைத் திறந்தேன். தெருவே என்னைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மில்லுக்குள் போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "அந்த நீலத் தண்ணி கண்ணுல பட்டா இன்னா ஆவும்?"

"எரிஞ்சிடும் மாமா. மேடமே கண்ணாடி மாட்டிகினுதான் கையை வெப்பாங்க. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

அந்த வெள்ளிக்கிழமை நான் கறி மட்டுமல்ல, சோறே சரியாகச் சாப்பிடவில்லை. பாட்டில் எங்கள் வீட்டுப் பீடத்தில் இரண்டு மெழுகுவத்திக்கு நடுவில் இருந்தது. வருகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். சென்னீர்குப்பத்திலிருந்து ரெஜினாவின் தங்கை ஆட்டோ பிடித்து வந்தாள். இரண்டு தடவை தெரியாமல் தட்டிவிடுவது போல் முழங்கையைப் பீடத்தருகே கொண்டுபோனேன். இரண்டு தடவையும் ரெஜினா, "இன்னாயா, கை தடுமாறுது? தள்ளிப் போ" என்றாள். ஞானஸ்நானத்தில் தண்ணீர் குழந்தையின் தலையில் மூன்று தடவை ஊற்றப்படும். ஒரு சொட்டு கண் பக்கம் வழியாதா? மூன்று தடவையும் என் பேரனின் கண் மூடியிருக்குமா? இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியும் வாய் வரவில்லை. நாலு நிமிட மெசேஜ் குறுக்கே நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் அடுத்த தெரு தேவராஜ் அண்ணன் வந்தார். முந்தாநாள்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பேத்தி தோளைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"சவரி, கண்ணுல ரெண்டு சொட்டு உடுப்பா. டாக்டர் குடுத்த மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும்."

ரெஜினா பாட்டிலை எடுத்தே விட்டாள். "பெரியவரு கேக்கறாரு, ரெண்டு சொட்டுதானே" என்றாள்.

"வேணாம்" என்றேன்.

"இன்னாப்பா, பேரனுக்கு மட்டுந்தானா? எனக்கு இல்லியா?" என்று தேவராஜ் அண்ணன் குரல் இறங்கியது. கூடியிருந்தவர்கள் முகம் மாறியது.

"வெளிநாடு போய் வந்தா இப்டிதான் ஆய்டறாங்க" என்றது ஒரு குரல்.

நான் மில்லுக்குள் போனேன். ஒரு தட்டில் மஞ்சள் தூளும், ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும், ஒரு சொம்பு போர் தண்ணீரும் எடுத்து வந்தேன். எல்லோர் முன்னாலும் சோடாவைத் தண்ணீரில் கலக்கி மஞ்சள் மேல் ஊற்றினேன். தட்டு சிவந்தது. அன்று வாசலில் வந்த அதே சிவப்பு.

"அந்தத் தண்ணியும் இப்டிதான். மலைக்குள்ள கல்லோட ஊறி ஊறிக் காரமாய்ப் போன தண்ணி. கண்ணுல பட்டா எரிஞ்சிடும். ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிடும்னு அந்த ஊர்ப் பெரியவர் சொன்னாரு. அதைக் கேட்டும் கொண்டாந்தேன்" என்றேன்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த லூர்துமேரி அக்கா எழுந்தார். "அப்ப மாதாவ சோடான்றியா?"

"மாதாவ சொல்லலக்கா. என்னச் சொல்றேன். நான் ஜெபம் பண்ணி அந்தத் தண்ணி வரல. அது பாட்டுக்கு வந்துகினு இருந்துச்சி. குமிழிதான் வந்துச்சி. அதுவும் கேஸு. பெருமைக்கு மாத்திச் சொன்னேன்."

தேவராஜ் அண்ணன் கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "நல்லவேளை, ஆபரேஷனுக்குச் செலவு பண்ணது தப்பிச்சது" என்றார். முதலில் சிரித்தது ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்த இரண்டு பேரில் ஒருவர். அவர் இரண்டு நாளாக வந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ரெஜினாவைத் தவிர. அவள் கிரீடத்தை இறுக்கி மூடி, பாட்டிலைப் பீடத்திலிருந்து இறக்கி ஜன்னலில் வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சோறு மட்டும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஞானஸ்நானம். அதற்குள் ஃபாதர் காதுக்கு எல்லாம் போயிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்து, "இது எந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

"நம்ம கோவில் போர் தண்ணி ஃபாதர்."

"நிச்சயமா?"

"நானே குடிச்சிப் பாத்தேன் ஃபாதர். உப்புதான்."

மாப்பிள்ளை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார்கள். நெமிலிச்சேரி உப்புத் தண்ணீர் என் பேரன் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வழிந்தது. அவன் வீறிட்டு அழுதான். அப்படியொரு அழுகையைக் கேட்டு இவ்வளவு நிம்மதியடைந்த தாத்தா வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் ஃபாதர் தோளில் கை வைத்தார். "அந்தக் குழுவுலயே இன்னொரு வாய்ஸ் போடுங்க. முதல் வாய்ஸ் எவ்வளவு நீளமோ அதே நீளம்."

நாலு நிமிடம் உண்மை பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒன்றரை நிமிடத்தில் உண்மை தீர்ந்துவிட்டது. மீதிக்கு உளுந்து ஊறுவதையும், பாம்புத்தோல் கல்லையும், மில்லுக் கூரையையும் சொல்லி நிரப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது. லூர்துமேரி அக்கா கட்டைவிரல் போட்டிருந்தார்.

பாட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சம். மாதா பாட்டிலில் இருந்ததைச் சாக்கடையில் கொட்ட எங்களுக்கு மனம் வராது. அப்படிப்பட்ட தண்ணீரைச் செடி வேரில்தான் ஊற்றுவோம். ஆனால் இதை ஊற்றினால் ரெஜினாவின் கறிவேப்பிலை மாதாவிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஆரத்தித் தட்டைக் கழுவி, அதில் ஊற்றி, காயட்டும் என்று மில் ஜன்னலில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் மில்லைத் திறந்தோம். சனிக்கிழமைக்குப் பிறகு ரெஜினா என்னிடம் முதல் தடவையாகப் பேசினாள்.

"இன்னாயா இது, தட்டுல பாலாடை கட்டிகீது?"

போய்ப் பார்த்தேன். தண்ணீர் மேல் வெள்ளையாய் மெல்லிய ஏடு. விரலால் தொட்டால் கண்ணாடிச் சில்லு போல் உடைந்தது. மஸ்கட் மலையில் பார்த்த அதே ஏடு, நெமிலிச்சேரி மில் ஜன்னலில். கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன்: இந்தத் தண்ணீர் நம் காற்றைக் குடிக்கிறது. பஸ் புகை, லாரிப் புகை, நம் மூச்சு, எல்லாவற்றிலும் இருப்பதைப் பிடித்துக் கல்லாக்கிவிடுகிறது. இது ஜெபத்தால் இல்லை, தானாக நடப்பது. ஆனால் இதை இப்படி ஆக்கி வைத்தவர் மேலே இருக்கிறவர்தான்.

ரெஜினா தட்டைக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கோதுமை மூட்டையை என் பக்கம் தள்ளினாள்.

"அது காத்தைக் குடிச்சிக் கல்லாக்குது. நீ காத்தைக் குடிச்சிக் கதையாக்குற. போ, மோட்டாரைப் போடு."